பச்சை டிக்

மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு பச்சை டிக் வந்து நிற்கும். 'உங்கள் பேக்கப் முடிந்தது' என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். பால்காரரை, பஸ் டிரைவரை, மருந்துக் கடைக்காரரை எப்படிக் கேள்வி கேட்காமல் நம்புகிறோமோ, அப்படி அந்த டிக்கை நம்பியிருந்தாள்.

அவள் வேலை புத்தகம் வாசிப்பது. கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் நூலகம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்காக வீட்டிலிருந்தே வாசித்துக் கொடுத்தாள். படுக்கையறைத் துணி அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்து, மூன்று பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு ஸ்டூலும் மைக்கும் வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டால் தெருச் சத்தம் வராது, காற்றும் வராது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவாள். இந்த முறை வாசித்துக்கொண்டிருந்தது பிசியோதெரபி புத்தகம், நாற்பது அத்தியாயம். ஒரு வருஷமாக நாக்கைப் புரட்டும் எலும்புப் பேர்களோடு மல்லுக்கட்டி முப்பத்தெட்டை முடித்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டது. யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி சுரண்டும். திரையில் மவுஸ் நகர மறுத்தது. பத்தாவது அத்தியாயத்தைத் திறக்க நாலு நிமிஷம் ஆனது.

அவளுக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. பேக்கப்தான் இருக்கிறதே! மேஜைக்குப் பின்னால் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு டிஸ்க்கைப் பக்கத்து மேஜையில் இருந்த கணவனின் பழைய லேப்டாப்பில் செருகினாள். அவள் பேரில் ஒரு ஃபோல்டர். உள்ளே முப்பத்தெட்டு ஃபைலும் வரிசையாக, ஒன்று குறையாமல். 'அப்பாடா' என்று முதல் அத்தியாயத்தைத் தட்டினாள்.

ஃபைல் கிடைக்கவில்லை என்றது.

இரண்டாவதைத் தட்டினாள். அதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொரு ஃபைல் படத்தின் காலடியிலும் ஒரு குட்டி அம்புக்குறி இருப்பது கண்ணில் பட்டது. முப்பத்தெட்டும் சேர்த்து ஒரு போட்டோ அளவுக்குக்கூட இடம் பிடிக்கவில்லை. ஷார்ட்கட்கள். நிஜமான ஃபைல் வேறு இடத்தில் இருக்கிறது என்று கை காட்டும் வெறும் பலகைகள். தன் கம்ப்யூட்டரிலேயே வைத்து அவள் சோதித்த போதெல்லாம் அவை ஒழுங்காகத் திறந்தன. உள்ளே இருந்த அசலைத்தான் திறந்து காட்டியிருக்கின்றன. மூன்று வருஷமாக அந்தப் பச்சை டிக் தினமும் முடித்தது, பலகைகளைக் காப்பாற்றும் வேலையை.

மிச்சம் இருந்ததையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவர் அவள் நாத்தனாரின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எதை எடுத்தாலும் "எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் வேணும்" என்று ஆரம்பிப்பார் என்பதால் குடும்பத்தில் அவருக்கு 'சிஸ்டம்' என்றே பேர். யார் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றுகிற கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவளிடமும் அப்படித்தான் வந்தார். "என்ன தங்கச்சி, இப்படிக் குப்பை மாதிரி வெச்சிருக்கே?" என்று திரையைச் சுத்தம் செய்து, முகப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டதாகச் சொன்னார். அடுக்கியது அம்புக்குறிகளை என்பது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, புது அத்தியாயங்களையும் அதே மாதிரி அடுக்கிவிட்டு, "செக் பண்ணிட்டுத் தரேன்" என்று டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போவார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாலேயே ஏதோ பெரிய உபகாரம் செய்த முகத்தோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் தேநீர் போட்டு நன்றி சொல்லுவாள்.

நன்றி சொன்னதை நினைத்தாலே இப்போது கூசியது.

தெருக்கோடி கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் செய்தாள். சத்தத்தைக் கேட்கட்டும் என்று போனைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அம்மா, தயவுசெஞ்சு ஆஃப் பண்ணிடாதீங்க. நிறுத்தினா மறுபடி எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. கையில என்ன இருக்கோ அதுல உடனே காப்பி பண்ணுங்க. முக்கியமானது முதல்ல."

"புது டிஸ்க் வாங்க வரட்டுமா?"

"என்கிட்ட ஸ்டாக் இல்லம்மா, நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் இது தாங்காது."

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அறுபது ஜிபி வேண்டும். கணவனின் லேப்டாப்பில் மூன்று ஜிபிகூடக் காலி இல்லை. இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. பதினாறு ஜிபி, மேலே ஏதோ பிசுபிசுப்பு, செருகினால் 'இதைச் சரிசெய்ய வேண்டுமா?' என்று கேட்டுவிட்டுச் செத்துப்போனது. இணையத்தில் ஏற்றலாம் என்று போனால், குடும்பத்துக்கென்று இருந்த இலவச இடம் முழுதும் நிரம்பியிருந்தது. எதால் என்று திறந்து பார்த்தாள். பல் பல்லாகப் பல். அவள் கணவன் செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தான். செய்கிற ஒவ்வொரு செட்டையும் நாலு கோணத்தில் படம் எடுக்கிற பழக்கம். அவன் போன் அத்தனையையும் தானாக ஏற்றியிருந்தது. ஆயிரத்தெண்ணூறு ஜோடி இளஞ்சிவப்பு ஈறுகள் அவளைப் பார்த்து இளித்தன. பழுதுக்குத் திரும்பி வந்த சிலதில் எச்சில்கூட மினுங்கியது. சனியன் என்று மூடினாள்.

அந்தக் கறுப்பு டிஸ்க்தான் மிச்சம். ஆயிரம் ஜிபி. வெறும் பலகைகள் தவிர அவளுடையது ஒன்றும் இல்லாததால் காலியாகத்தான் இருக்க வேண்டும். காலி இடம் எவ்வளவு என்று பார்த்தாள்: இரண்டு ஜிபி.

மிச்சம் எங்கே போனது? 'பொது' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தாள். குடியிருப்போர் சங்கக் கூட்ட வீடியோக்கள், ஆறு வருஷத்துக்கு. லிஃப்ட் கதவுகள் திறந்து மூடுகிற வீடியோக்கள். யாரோ சொந்தக்காரர் கல்யாணம், அதே வீடியோ ஏழு பேரில் ஏழு தடவை. பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கப் படங்கள் மட்டும் பதினோராயிரம். வந்த வாட்ஸப்பையெல்லாம் குப்பை லாரி மாதிரி கொட்டிவைத்திருந்தார். அவள் டிஸ்க்கை எடுத்துப்போனது செக் செய்ய இல்லை. தன் வீட்டுச் சாக்கடையைத் திருப்பிவிட.

அவருக்கு போன் செய்தாள்.

"ஷார்ட்கட்டா? அதெப்படி? நீ ஏதாவது கிளிக் பண்ணியிருப்பே."

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணா. நீங்க போட்ட ஃபோல்டர் அப்படியேதான் இருக்கு. உங்க ஃபைல்தான் டிஸ்க் முழுக்க இருக்கு. எனக்கு இப்ப இடம் வேணும்."

"அதுவா? சும்மா இடம் கெடக்குதேன்னு வெச்சேன். டிஸ்க் காலியா இருந்தா கெட்டுப்போயிடும், தெரியுமா?"

"எதை எடுத்துடலாம்னு சொல்லுங்க."

"ஒண்ணையும் தொடாதே. ஞாயித்துக்கிழமை வந்து நானே பார்க்கறேன். எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் இருக்கும்மா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது உயிரோட இருக்காதுண்ணா."

"பயப்படாதே. இந்தச் சத்தமெல்லாம் ஃபேன்ல தூசி." வைத்துவிட்டார்.

கணவனுக்கு அடித்தாள். பின்னால் அரவை மெஷின் கத்தியது.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யேன்" என்றான்.

"கேட்டேன். ஞாயித்துக்கிழமைங்கறாரு."

"அப்ப என்ன, அஞ்சு நாள்தானே?"

"ஒரு வருஷம் அலமாரிக்குள்ள வெந்திருக்கேங்க."

"அதுக்கில்ல… அக்கா வீட்டுக்காரரு. பின்னாடி பேச்சு வரும்."

போனைக் கட்டிலில் வீசினாள். வாயில் யாரோ பழந்துணியைத் திணித்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் சுரண்டியது.

என்றாலும் அவள் நியாயமாகத்தான் ஆரம்பித்தாள். அடுத்தவர் பொருளில் கை வைக்கிறோம், குப்பையாகப் பார்த்து எடுப்போம் என்று. கல்யாண வீடியோவில் ஒன்றை வைத்துவிட்டு ஆறை அழித்தால் இடம் கிடைத்துவிடும். அதற்காகக் கீழே இறங்கிக்கொண்டே போனபோது 'தமாஷ்' என்று ஒரு ஃபோல்டர் வந்தது. அதில் ஒரு ஆடியோ ஃபைல். பேர்: 'மைக் ராணி'.

தட்டினாள்.

ஜிங் ஜிங் என்று கோமாளி இசை. அதற்கு மேலே அவள் குரல்: "இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள் மீண்டும் எழுந்து நடப்பதற்கு…" குரல் தடுக்கியது. "மீண்டும் எழுந்து…" மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு விம்மல், இன்னொன்று. அடக்கப் பார்த்து அடங்காமல், நாய்க்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். "சனியனே, ஒழுங்காப் படி. ஒழுங்காப் படிடி." ஒவ்வொரு விம்மலுக்கும் சரியாக ஒரு தாளத் தட்டு போட்டிருந்தது. கடைசியில் கூட்டம் சிரிக்கிற ரெடிமேட் சிரிப்பு.

போன வருஷம் பதிந்தது. அவள் அம்மா குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்காமலே இறந்துபோய் இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அலமாரிக்குள் அழுததில் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். மறுநாள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் திரும்பப் படித்தாள். அசல் மட்டும் ஏதோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒரு குடும்பச் சந்திப்பில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, ஒரு பெரியப்பா மகன் "மீண்டும் எழுந்து" என்று இழுத்துச் சொல்ல, ஏழெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன ஜோக் என்று புரியாமல் அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தாள்.

எழுந்து போய் வாஷ்பேசினில் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை, வெறும் ஓங்கரிப்புதான். முகத்தைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மவுஸைத் தொட்ட கை என்பதால் மறுபடி ஒருமுறை கழுவினாள்.

முப்பத்தெட்டு அத்தியாயத்தில் ஒன்றைக்கூட ஒழுங்காக எடுத்துவைக்கத் தெரியாத மனுஷன், இதை மட்டும் ஷார்ட்கட் இல்லாமல் முழுசாக எடுத்து, வெட்டி, இசை சேர்த்து, பத்திரமாக வைத்திருக்கிறான். அந்த டிஸ்க்கில் அவளுடைய நிஜமான குரல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'பொது' ஃபோல்டரைப் பிடித்தாள். ஆறு வீடியோ போதும் என்று அவளுக்குத் தெரியும். மொத்தத்தையும் அழுத்தினாள். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். லிஃப்ட் கதவுகள், சங்கக் கூட்டம், பதினோராயிரம் சூரியோதயம் எல்லாம் நாலு நிமிஷத்தில் போயின. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். அடைத்த சாக்கடையைக் கையால் அள்ளிப் போட்டபின் வருமே, சுத்தமும் இல்லாத நாற்றமும் போகாத ஒரு உணர்வு, அதுதான் இருந்தது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொரு அத்தியாயமாகத் தன் கையாலேயே இழுத்துப் போட்டாள். ஒன்று ஏறி முடிந்ததும் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகித் திறந்து கேட்டாள். இனி எந்த டிக்கையும் நம்புவதாக இல்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. ஐந்தாவது அத்தியாயம் பாதியில் நின்றது. படிக்க முடியவில்லை என்றது. விட்டுவிட்டு ஆறுக்குப் போனாள். பதினேழும் பதினெட்டும் அதே மாதிரி கெட்டுப்போயின. இருபத்தாறும் போனது. முப்பத்தொன்று ஏறும்போது சுரண்டல் ஒரு பெரிய 'டக்'காக மாறித் திரை நீலமானது. கடைசி எட்டு அத்தியாயங்களில் ஒன்றும் வரவில்லை. மணி நாலு. முப்பத்தெட்டில் இருபத்தாறு அவள் கையில் இருந்தது.

சிஸ்டத்துக்கு அவளே போன் செய்து சொன்னாள். ஒளிக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. "உங்க ஃபோல்டரை அழிச்சிட்டேன் அண்ணா. முழுசா."

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர் முக்கால் மணி நேரத்தில் வந்தார். நாத்தனாரும் கூட வந்தாள். வழியில் கணவனுக்கும் தகவல் போயிருந்தது போல. அவனும் பின்னாலேயே பல் அச்சு மாவு படிந்த கையோடு நுழைந்தான்.

"முழுசாவா? முழுசாவா அழிச்சே? உனக்கு அறிவு இருக்கா?" அவர் குரல் தெரு வரைக்கும் போனது. "தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்குமே. ரெண்டு இடத்துல வைக்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

நாத்தனார்தான் பேசினாள், மெதுவாக. "பாப்பா முதல் முதல்ல நடந்த வீடியோ அதுல இருந்துச்சு. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல இடமில்லன்னு எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டேன்னு சொன்னாரு."

அவளுக்கு அது தெரியாது. 'பொது'வின் அடியில் இன்னும் எத்தனையோ ஃபோல்டர்கள் திறக்காமலே கிடந்தன. குழந்தை முகம் ஒன்று கண்ணுக்குள் வந்து போனது. தன் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணி, அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். பார்த்துட்டு அழிச்சிருக்கணும். ஆனா அதே டிஸ்க்ல 'மைக் ராணி'ன்னு ஒண்ணு இருந்துச்சு. எங்கம்மாவை நினைச்சு நான் அழுதது. அதுக்கு மியூசிக் போட்டு வெச்சிருந்தாரு உங்க வீட்டுக்காரர்."

"அது தமாஷுக்கும்மா" என்றார் சிஸ்டம். "சும்மா நம்ம ஃபேமிலி குரூப்ல… யாரும் தப்பா எடுத்துக்கல."

நாத்தனார் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அது நிஜமா அழுததா? சும்மா நடிச்சுப் பார்த்ததுன்னு சொன்னீங்களே."

அவர் டிஸ்க்கை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அதை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்போதுதான் கணவனின் முகம் தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"குரூப்ல வந்துச்சு. நான் அப்பவே எடுத்துடுங்கன்னு மாமாகிட்ட சொன்னேன்." மாவுக் கையைப் பேன்ட்டில் துடைத்தான். "உனக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவியேன்னுதான்…"

ஒரு வருஷம். பக்கத்தில் படுத்து, ஒரே தட்டில் பகிர்ந்து தின்று, அந்தச் சிரிப்பில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். இதற்கு முன்னால் சிஸ்டம் மேல் இருந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"எல்லாரும் வெளியே போங்க" என்றாள். கத்தவில்லை. அவர்கள் போனார்கள். கணவன் மட்டும் ஹாலில் இருந்தான். போக வேறு இடம் இல்லை.

மறுநாள் புது டிஸ்க் இரண்டு வாங்கினாள். இருபத்தாறு அத்தியாயத்தையும் இரண்டிலும் ஏற்றி, ஒன்றைக் கீழ்வீட்டு நர்ஸிடம் கொடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு நாத்தனாருக்கு போன் செய்து, பழைய கறுப்பு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் கிடைத்ததைக் காட்டினார். குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறது. கையை விடுகிறது. ஒரு அடி. அதற்குமேல் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. அந்த இடத்தில்தான் அவளுடைய ஏதோ ஒரு அத்தியாயம் போய் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அந்த ஒரு அடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "இவ்வளவாவது வந்துச்சே" என்றாள். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைக் கேட்காமலே கடைக்காரர் மீட்டதில் 'மைக் ராணி'யும் இருந்தது. நாத்தனாரே அதை அழிக்கச் சொன்னாள். அழித்தார்கள். எத்தனை போன்களில் இன்னும் இருக்கிறதோ, அது யாருக்குத் தெரியும்?

நூலகத்தில் விஷயத்தைச் சொல்லி மூன்று மாதம் அவகாசம் கேட்டாள், கொடுத்தார்கள். போன பன்னிரண்டையும் இன்னும் வாசிக்காத இரண்டையும் சேர்த்துப் பதினாலு அத்தியாயம். சிஸ்டம் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். கணவன் தினமும் ஒருமுறையாவது மன்னிப்பு கேட்டான். மன்னிப்பு கேட்கும்போது அவன் குரல் குழைவதைக் கேட்க அவளுக்குச் சகிக்கவில்லை. ஒரு நாள், "கேக்கறதை நிறுத்துங்க. அந்தக் குரூப்ல சிரிச்சவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், அது அழுகைன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். அவன் இரண்டு பேரிடம் சொன்னான். மற்றவர்களிடம் சொல்ல நேரம் அமையவில்லை என்றான்.

அவள் அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் வாரம் தன் குரல் காதில் விழும்போதெல்லாம் அதற்கு அடியில் ஜிங் ஜிங் என்று ஒரு இசை கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். அப்புறம் வாசிக்க வாசிக்க எலும்புப் பேர்களில் கவனம் போய்விட்டது. மூன்றாவது மாதக் கடைசியில் நாற்பது அத்தியாயமும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வாரம் அடுத்த புத்தகம் வந்தது: பொருளாதாரம், முப்பத்திரண்டு அத்தியாயம். ஸ்டூலைத் துடைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தாள்.